தேங்போச்சேயில் கழிந்த மூன்று வாரம்: 1953 எவரெஸ்ட் குழு உடம்பை உயரத்துக்குப் பழக்கிய விதம்

எவரெஸ்ட் உச்சியை முதலில் தொட்டது யார், எந்த நாள் என்று கேட்டால் யாரும் சொல்லிவிடுவார்கள். 1953 மே 29, ஹிலாரி, டென்சிங். அதே குழு அந்த வருடம் மார்ச் கடைசியிலிருந்து ஏப்ரல் 20 வாக்கில் வரைக்கும் என்ன செய்துகொண்டிருந்தது என்று கேட்டால்தான் பதில் வராது. நேபாளத்தில் எவரெஸ்டுக்குப் போகும் வழியில் இருக்கும் தேங்போச்சே மடத்தைச் சுற்றியிருக்கிற பள்ளத்தாக்குகளில் ஏறி இறங்கிக்கொண்டிருந்தார்கள். வேறு ஏதோ முகடுகளில் ஏறி, மறுபடி மடத்தடிக்கு வந்து படுத்து, சாப்பிட்டு, திரும்பவும் கிளம்பினார்கள். பார்க்கிறவர்களுக்கு இது பொழுதைக் கழிப்பது போல இருந்திருக்கும். என் கணக்கில் எவரெஸ்ட் ஏற்றத்தின் பாதி வேலை அங்கேதான் முடிந்தது.

இதைத் தேடிப் படித்ததற்குச் சொந்தக் காரணம் ஒன்று இருக்கிறது. நாங்கள் ஐந்து பேர் ஐலண்ட் பீக் என்ற மலையில் ஏறுவதற்காக, எவரெஸ்ட் அடிவாரத்துக் கும்பு பள்ளத்தாக்குக்குப் போயிருந்தோம். லுக்லா வரை விமானம், அங்கிருந்து நடை. எங்களுக்குக் கிடைத்த விடுப்புக்குள் எல்லாவற்றையும் அடக்க வேண்டும் என்று பயணத்தை ஏற்பாடு செய்தவர்கள் டிங்போச்சேயில் வழக்கமாக இருக்கும் ஓய்வு நாளை எடுத்துவிட்டார்கள், நாங்களும் சரி என்று தலையாட்டிவிட்டோம். டிங்போச்சே 4,410 மீட்டர். அங்கேயே நண்பர் ஒருவருக்குத் தலைவலி. ஒரு மாத்திரையைப் போட்டுக்கொண்டு யாரிடமும் சொல்லாமல் இருந்துவிட்டார். மறுநாள் லோபுச்சே, 4,900-க்கு மேல். சாயங்காலம் வாந்தி, அப்புறம் கழிப்பறைக்குப் போகிறவர் சுவரைப் பிடித்துக்கொண்டு போகிறார். எங்கள் ஷெர்பா வழிகாட்டி அவரை வெளியே கூட்டிப்போய், ஒரு பாதத்தின் நுனியில் இன்னொரு பாதத்தின் குதிகாலை ஒட்டி வைத்து நேர்கோட்டில் நடக்கச் சொன்னார். இரண்டு அடிகூட நடக்க முடியவில்லை. மூளை வீங்கத் தொடங்கியதற்கு அதுதான் அடையாளம். வழிகாட்டி காலை வரை காத்திருக்கவில்லை; நெற்றி விளக்கைக் கட்டிக்கொண்டு அந்த இருட்டிலேயே ஃபெரிச்சேக்குக் கீழே இறக்கிவிட்டார். மறுநாள் மதியம் நண்பர் எழுந்து உட்கார்ந்து கஞ்சி கேட்டார். அன்றைக்கு நான் பட்ட பயத்தை இன்னும் மறக்கவில்லை.

ஊருக்கு வந்ததும் ஒரே கேள்விதான். நம்மைவிட ஆயிரம் மடங்கு பெரிய காரியத்துக்கு, இந்த மலைநோயைப் பற்றி நமக்குத் தெரிந்ததில் பாதிகூடத் தெரியாத காலத்தில், 1953 குழுவினர் எப்படிப் போய் வந்தார்கள்?

1952: இரண்டு தோல்விகள்

கொஞ்சம் முன்னாலிருந்து தொடங்க வேண்டும். 1920களிலும் 30களிலும் பிரிட்டிஷ் குழுக்கள் டார்ஜிலிங்கிலிருந்து புறப்பட்டு, திபெத் பீடபூமி வழியே வாரக்கணக்கில் நடந்து எவரெஸ்டின் வடக்குப் பக்கத்தை அடைந்தன. பீடபூமியே 4,000 மீட்டருக்கு மேல். யாரும் திட்டம் போடாமலேயே உடம்பு பழகிவிடும். 1924-ல் நார்ட்டன் ஆக்சிஜன் குப்பி இல்லாமல் 8,570 மீட்டர் வாக்கில் போனதற்கு அந்த நடையும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன். பிறகு திபெத் கதவு அடைத்துக்கொண்டது, நேபாளம் திறந்தது. நேபாள வழி வேறு மாதிரி. காட்மாண்டு 1,400 மீட்டர்தான்; அங்கிருந்து மேடும் பள்ளமுமாகப் போய், கடைசி சில நாட்களில்தான் செங்குத்தாக உயரம் கூடுகிறது. வடக்கே பாதை தானாகச் செய்துகொடுத்ததை இங்கே நாட்காட்டியில் எழுதிச் செய்ய வேண்டியிருந்தது.

1952 வசந்தத்தில் சுவிஸ் குழு முதலில் வந்தது. ரேமோன் லம்பேரும் டென்சிங்கும் மே 27 இரவை 8,400 மீட்டர் வாக்கில் ஒரு கூடாரத்தில் கழித்தார்கள். தூங்கும் பை இல்லை, அடுப்பும் இல்லை. ஒரு மெழுகுவத்தியின் சுடரில் கொஞ்சம் பனிக்கட்டியை உருக்கி நாக்கை நனைத்துக்கொண்டார்கள். மறுநாள் 8,595 மீட்டர் வரை போனார்கள். அவர்களுடைய ஆக்சிஜன் கருவி உட்கார்ந்திருக்கும்போதுதான் உதவியது, நடக்கும்போது அதிலிருந்து போதுமான அளவு இழுக்க முடியவில்லை. அந்த நிலைமையில் அவ்வளவு தூரம் போனதே அதிசயம். அந்தக் குழுவின் தலைவர் வீஸ்-துனான் ஒரு மருத்துவர். இன்றைக்கு எல்லோரும் சொல்லும் ‘மரண மண்டலம்’ என்ற பெயர் அவர் கொடுத்ததுதான்.

அதே வசந்தத்தில் எரிக் ஷிப்டன் தலைமையில் பிரிட்டிஷ் குழு ஒன்று, மறு வருட எவரெஸ்டுக்கு ஒத்திகையாக, பக்கத்திலிருக்கும் சோ ஓயு மலைக்குப் போனது. 6,800 மீட்டர் தாண்டவில்லை, திரும்பிவிட்டது. மலையேற்ற வரலாற்றில் இதை ஒரு வரியில் கடந்துபோவார்கள். எனக்கு இதுதான் முழுக்கதையின் திருப்பம், ஏனென்றால் அந்தக் குழுவில் கிரிஃபித் பியூ இருந்தார். உடலியல் ஆராய்ச்சியாளர். ஏறுகிறவர்களின் மூச்சுக் காற்றைப் பையில் பிடித்து அளந்தார், எவ்வளவு குடிக்கிறார்கள், என்ன சாப்பிடுகிறார்கள் என்று குறித்துக்கொண்டார், வெவ்வேறு அளவில் ஆக்சிஜன் கொடுத்து நடக்கவிட்டுப் பார்த்தார். அவர் கண்டது சுருக்கமாக இது. ஆட்கள் போதுமான அளவு உயரத்துக்குப் பழகவில்லை. தண்ணீர் மிகக் குறைவாகக் குடிக்கிறார்கள். வழியில் தொண்டைப் புண், வயிற்றுப்போக்கு என்று வாங்கிக்கொண்டு வருகிறார்கள். ஆக்சிஜன் எடுத்தால் நிமிடத்துக்கு 4 லிட்டர் அளவுக்காவது எடுக்க வேண்டும். அதற்குக் குறைந்தால் கிடைக்கிற பலன் குப்பியின் கனத்துக்கே சரியாகிவிடும்.

தோற்றுப்போன ஒரு பயணத்திலிருந்து இவ்வளவு எடுக்க முடிந்ததற்கு அந்த மனிதருக்கு நாம் கடன்பட்டிருக்கிறோம். உச்சியில் நின்றவர்களின் படம் எல்லோர் வீட்டுச் சுவரிலும் இருந்தது, பியூவின் பெயர் மலை ஏறுகிறவர்களுக்கே பல வருடம் தெரியாமல் இருந்தது.

17 நாள் நடை, அப்புறம் மூன்று வாரம்

1953 குழுவுக்குத் தலைவர் ஜான் ஹன்ட். ராணுவக்காரர், திட்டத்தில் கெட்டி. மார்ச் 10-ம் தேதி முதல் பகுதி, மறுநாள் இரண்டாம் பகுதி என்று காட்மாண்டு பக்கத்துப் பக்தபூரிலிருந்து கிளம்பினார்கள். 350-க்கும் மேற்பட்ட சுமைகூலிகள். மலைத்தொடர்களைக் குறுக்கே கடந்து, ஒவ்வொரு கணவாயும் ஏறி இறங்கி, மார்ச் 26-ல் 3,860 மீட்டரில் இருக்கும் தேங்போச்சேக்கு வந்தார்கள். 17 நாள். இந்த நடை கால்களையும் மூச்சையும் சீராக்கியது, ஆட்களை ஒருவருக்கொருவர் பழக்கியது. ஆனாலும் இதை மட்டும் நம்பி ஹன்ட் மேலே போகவில்லை. முக்கியமான முடிவு அது.

மார்ச் கடைசியில் குழுவை மூன்றாகப் பிரித்து மூன்று திசைக்கு அனுப்பினார். ஒரு வாரம், 6,000 மீட்டர் வரை ஏற்றம், பிறகு ஏப்ரல் 6 வாக்கில் எல்லோரும் தேங்போச்சேக்கு இறங்கி ஓய்வு. ஏப்ரல் 9-லிருந்து இரண்டாவது சுற்று. ஹிலாரியின் பகுதி, பனியாறு உடைந்து சரிந்து இறங்கும் கும்பு பனியருவிக்குப் போய் வழி தேடத் தொடங்கியது. சார்லஸ் எவன்ஸ், கிரிகரி, வைலி, டென்சிங் ஆகியோர் ஷெர்பாக்களோடு இம்ஜா பக்கம் போய், ஆக்சிஜன் கருவிகளைச் சோதித்துக்கொண்டே ஒரு முகட்டில் ஏறினார்கள். அதுதான் ஐலண்ட் பீக்கின் முதல் ஏற்றம். நாங்கள் வாழ்க்கை லட்சியமாக வைத்துப் போன மலை, அவர்களுக்கு மூச்சைப் பழக்கும் பயிற்சி!

இந்த ஏறி இறங்கலில் உடம்புக்குள் நடப்பது என்ன? காற்றில் ஆக்சிஜனின் பங்கு எங்கே போனாலும் 21 சதவீதம்தான், குறைவது அழுத்தம். பேஸ் கேம்ப் பக்கம் கடல் மட்டத்தில் இருப்பதில் பாதி, உச்சியில் மூன்றில் ஒன்று. உடம்பு முதலில் செய்வது வேகமாக மூச்சு வாங்குவது. மூச்சு கூடும்போது கரியமிலவாயு அதிகமாக வெளியே போய் ரத்தம் காரத்தன்மை பக்கம் சாய்கிறது, உடனே மூளை மூச்சை அடக்கப் பார்க்கிறது. இந்த இழுபறியால்தான் உயரத்தில் தூங்குகிறவர் திடீரென்று மூச்சே விடாமல் கிடந்து, பக்கத்தில் படுத்திருப்பவர் பதறி எழும் நேரத்தில் ஒரு பெருமூச்சோடு திரும்பவும் தொடங்குவார். சிறுநீரகங்கள் பைகார்பனேட் என்ற காரப்பொருளை வெளியே தள்ளி ரத்தத்தைச் சமன் செய்யச் சில நாள் வேண்டும். சிவப்பணுக்கள் கூடுவதற்கு வாரக்கணக்கு ஆகும். இதில் எதையும் மனத்துணிவால் அவசரப்படுத்த முடியாது. இப்போது பலர் எடுக்கும் டயமாக்ஸ் மாத்திரைகூட அந்தச் சிறுநீரக வேலையைத்தான் கொஞ்சம் முன்கூட்டித் தொடங்கிவைக்கிறது (மருத்துவரைக் கேட்காமல் எடுக்காதீர்கள்).

அப்படியென்றால் மேலேயே தங்கி இன்னும் பழகலாமே என்று தோன்றும். முடியாது. பியூவும் ஹிலாரியும் 1960-61 குளிர்காலத்தில் ‘சில்வர் ஹட்’ என்ற குடிலை 5,800 மீட்டரில் நிறுத்தி, அங்கே ஆட்களை மாதக்கணக்கில் தங்கவைத்துப் பார்த்தார்கள். எடை குறைந்துகொண்டே போனது. அந்த உயரத்தில் பழகுவதும் தேய்வதும் ஒன்றாக நடக்கின்றன, கடைசியில் தேய்வதுதான் ஜெயிக்கிறது. ஆக, மேலே போய் உடம்புக்குச் செய்தி சொல்ல வேண்டும், கீழே வந்து தூங்கி அது அந்த வேலையை முடிக்க விட வேண்டும். 1953-ல் இந்தக் கணக்கு இவ்வளவு தெளிவாக யாருக்கும் தெரியாது. ஆனாலும் ஹன்ட் மே மாதம், உச்சி முயற்சிக்கு முன்னால், ஆட்களை மேற்குக் குவம் (பனியருவிக்கு மேலே இருக்கும் பனிப் பள்ளத்தாக்கு) என்ற இடத்திலிருந்து லோபுச்சே வரைக்கும் கீழே அனுப்பினார். வாரக்கணக்கில் பனியை மட்டுமே பார்த்த கண்ணுக்குப் புல், ஓடும் தண்ணீர், கொஞ்சம் தடித்த காற்று. எங்கள் நண்பர் விழுந்த அதே லோபுச்சே அவர்களுக்கு ஓய்விடமாக இருந்தது என்பதை நினைத்தால் எனக்கு இன்னும் ஒரு மாதிரி இருக்கிறது. உயரம் அதேதான், அதுவரை கழிந்த நாட்கள்தான் வேறு.

தண்ணீர்

உயரத்தில் காற்று குளிர்ந்து வறண்டிருக்கும். ஒவ்வொரு மூச்சையும் மூச்சுப்பாதை சூடாக்கி ஈரமாக்கித்தான் உள்ளே விடுகிறது, வெளியே விடும்போது அந்த ஈரம் போய்விடுகிறது. நிமிடத்துக்கு நாற்பது ஐம்பது முறை மூச்சு வாங்கி ஏறுகிறவர் வேர்க்காமலேயே வற்றிப்போவார். தாகமோ சரியாக எடுக்காது. தண்ணீர் வேண்டுமானால் பனியை உருக்க வேண்டும், அதற்கு மண்ணெண்ணெய் வேண்டும், மண்ணெண்ணெயை ஒருவர் முதுகில் சுமந்து ஏற்ற வேண்டும். இதனால்தான் முந்தைய குழுக்கள் குடிப்பதில் மிச்சம் பிடித்தன. பியூ இதை மாற்றினார். ஒரு நாளைக்கு 3 லிட்டருக்குக் குறையாமல் குடித்தாக வேண்டும் என்று கணக்குப் போட்டு, அதற்கேற்ற எரிபொருளை மேலே ஏற்ற ஏற்பாடு செய்யவைத்தார், பனி சீக்கிரம் உருகும்படி அடுப்புகளையும் மாற்றியமைத்தார்கள்.

மே 28 இரவு, 8,500 மீட்டரில், ஒரு சரிந்த திட்டில் அடித்த கூடாரத்தில் ஹிலாரியும் டென்சிங்கும் என்ன செய்தார்கள் தெரியுமா? அடுப்பை மூட்டிச் சர்க்கரை போட்ட எலுமிச்சைச் சாற்றைக் குடித்துக்கொண்டே இருந்தார்கள். பிஸ்கட்டில் மத்தி மீன், ஒரு டின் ஆப்ரிகாட். தூங்கும்போதும் சில மணி நேரம் குறைந்த அளவில் ஆக்சிஜன் எடுத்தார்கள். ஒரு வருடத்துக்கு முன்னால் கிட்டத்தட்ட அதே உயரத்தில் மெழுகுவத்தியோடு உட்கார்ந்திருந்த டென்சிங் இந்த வித்தியாசத்தை வேறு யாரையும்விட நன்றாக உணர்ந்திருப்பார். மறுநாள் காலை குளிர் மைனஸ் 27 டிகிரி. ஹிலாரியின் பூட்ஸ் உறைந்துபோய், அதை அடுப்பில் வாட்டித்தான் போட முடிந்தது. குப்பிகளில் இருக்கும் ஆக்சிஜன் கடைசி வரை போதாது என்று நிமிடத்துக்கு எடுக்கும் அளவை 4 லிட்டரிலிருந்து 3 லிட்டராகக் குறைத்துக்கொண்டு ஏறினார்கள். அப்படிக் குறைத்தும் போக முடிந்தது என்றால் உடம்பு தயாராக இருந்தது என்று அர்த்தம்.

எல்லோருக்கும் பலிக்கவில்லை

இவ்வளவு பார்த்துப் பார்த்துச் செய்தும் எல்லோர் உடம்பும் ஒரே மாதிரி இசையவில்லை, இந்த நிகழ்வில் நான் மிகவும் மதிக்கும் பகுதி இது. குழுவிலிருந்த வெஸ்ட்மகாட் நல்ல மலையேறி, மேற்குக் குவத்துக்கு மேலே செங்குத்தாக நிற்கும் லோட்சே முகப்பு என்ற பனிச்சரிவில் உயரம் அவரைத் தடுத்துவிட்டது. அவர் இறங்கிவந்து பனியருவியில் பாதையைச் சரிபார்க்கும் வேலையை எடுத்துக்கொண்டார். தினம் இடிந்து நகரும் பனியில் அந்தப் பாதை திறந்திருக்காவிட்டால் மேலே ஒரு மூட்டைகூடப் போயிருக்காது. மாறாக, ஜார்ஜ் லோ லோட்சே முகப்பிலேயே பத்து நாள் அளவுக்குக் கிடந்து வழி வெட்டினார். அவரும் ஒருநாள் தூக்க மாத்திரை போட்டுப் படுத்து, மறுநாள் நடக்கும்போதே தூங்கி விழுந்து, அன்றைய முயற்சியைக் கைவிட வேண்டிவந்தது. தூக்க மாத்திரைகள் பலவும் மூச்சை மந்தமாக்கும். உயரத்தில் தூக்கம் வரவில்லை என்று மாத்திரை தேடுகிறவர்கள் இதை நினைவில் வையுங்கள்.

சுமை தூக்கியவர்களைப் பற்றியும் சொல்லாமல் போக முடியாது. ஏப்ரலில் பனியருவிக்குப் போகும் வழியில் புதுப் பனி விழுந்து வெயில் அடித்ததும், கறுப்புக் கண்ணாடி இல்லாத சுமைகூலிகள் சிலருக்குப் பனியொளியில் கண் கூசிப் பார்வை போயிற்று. ஷெர்பாக்களுடைய உடம்பு தலைமுறை தலைமுறையாக உயரத்துக்கு இசைந்தது, மரபணுவிலேயே அந்த மாற்றம் இருக்கிறது என்று ஆராய்ச்சிகள் காட்டியிருக்கின்றன. ஆனால் கும்புவில் சுமை தூக்குகிற எல்லோரும் ஷெர்பாக்கள் இல்லை. கீழ் மலைகளிலிருந்து வரும் ராய், தமாங் ஆட்களுக்கு நம்மைப் போலவே தலை வலிக்கும், நுரையீரலில் நீர் கோக்கும். நம் குழுவில் யாருக்குத் தலைவலி என்று விசாரிக்கும்போது அவர்களையும் விசாரிக்க வேண்டும். நாங்கள் விசாரிக்கவில்லை. அதை நினைத்தால் இப்போதும் வெட்கமாக இருக்கிறது.

லுக்லா வந்த பிறகு

1964-ல் ஹிலாரி லுக்லாவில் ஒரு விமான ஓடுதளம் அமைத்தார், கும்புவில் பள்ளிகளும் மருத்துவமனையும் கட்டப் பொருட்கள் கொண்டுவருவதற்காக. நல்ல காரியம், ஷெர்பா கிராமங்களின் வாழ்க்கையையே மாற்றியது. கூடவே இன்னொன்றும் நடந்தது. 1953-ல் நடந்த தூரத்தில் பெரும்பகுதியை வருகிறவர்கள் அரை மணி நேரத்தில் தாண்டத் தொடங்கினார்கள். லுக்லா 2,850 மீட்டர் வாக்கில். ஊட்டி தொட்டபெட்டா உச்சியே 2,637 மீட்டர்தான். அதைவிட 200 மீட்டர் உயரத்தில் விமானம் இறக்கிவிடுகிறது, இறங்கிய அன்றே நடக்கத் தொடங்குகிறோம். பீட்டர் ஹேக்கெட் ஃபெரிச்சேயில் 278 மலைநடைப் பயணிகளை ஆராய்ந்து 1976-ல் வெளியிட்ட முடிவில் 53 சதவீதம் பேருக்கு மலைநோய் இருந்தது. விமானத்தில் வந்தவர்கள், வேகமாக ஏறியவர்கள், பழகுவதற்குக் குறைந்த இரவுகளே ஒதுக்கியவர்கள், இவர்களிடம் அதிகம். 1962 போரின்போது சமவெளியிலிருந்து நேரடியாக உயர மலைகளுக்குக் கொண்டுபோகப்பட்ட இந்திய வீரர்கள் பட்ட பாடும் இதே கதைதான்.

இப்போது வீட்டிலேயே ஆக்சிஜன் குறைந்த கூடாரத்துக்குள் வாரக்கணக்கில் தூங்கிப் பழகிவிட்டு வருகிறார்கள். 2025 மே மாதம் நான்கு பிரிட்டிஷ்காரர்கள் அப்படிப் பழகி, செனான் வாயுவும் எடுத்துக்கொண்டு, லண்டனிலிருந்து கிளம்பி ஒரு வாரத்துக்குள் எவரெஸ்ட் உச்சியில் நின்றார்கள். செனானால் பலன் உண்டு என்பதற்குப் போதுமான ஆதாரம் இல்லை என்று சர்வதேச மலையேற்றக் கூட்டமைப்பின் மருத்துவக் குழு முன்பே சொல்லியிருந்தது. எனக்கு அதில் ஆர்வமும் இல்லை. சாதாரண ஆட்களான நமக்கு இருக்கிற வழி பழைய வழிதான்: 3,000 மீட்டருக்கு மேல் ஓர் இரவிலிருந்து அடுத்த இரவுக்குப் படுக்கும் இடம் 500 மீட்டருக்கு மேல் உயரக்கூடாது, மூன்று நான்கு நாளைக்கு ஒருமுறை ஒரு நாள் அங்கேயே நிற்க வேண்டும், தலைவலியோடு மேலே போகக்கூடாது. டிங்போச்சேயிலிருந்து லோபுச்சே 500-ஐத் தாண்டிய தாவல், நடுவில் ஓய்வும் இல்லை. எங்கள் பிழை அந்த ஒரு வரியில் இருந்தது.

ஒருமுறை பழகினால் அது நிரந்தரமும் இல்லை. உச்சியை முதலில் தொட்ட ஹிலாரியே 1961-ல் மகாலு மலையில் உயரத்தால் கடுமையாகப் பாதிக்கப்பட்டார், 1981-ல் எவரெஸ்டின் கிழக்குப் பக்கம் போன குழுவோடு சென்றபோது மறுபடி நோய்ப்பட்டுக் கீழே கொண்டுவரப்பட்டார்.

நண்பர் இப்போது நன்றாக இருக்கிறார். அடுத்த வருடம் திரும்பப் போகிறோம், இந்தத் தடவை லுக்லா விமானம் இல்லை. ஜிரியிலிருந்தே நடை, லாம்ஜுரா கணவாய் வழியாக, 1953 குழு போன பக்கமாகத்தான். நாம்சேயில் இரண்டு ராத்திரி, டிங்போச்சேயில் மூன்று, நடுவில் ஒருநாள் சுக்குங் வரை ஏறிவிட்டுத் திரும்பி வந்து தூங்குவது. எல்லாம் கூட்டினால் 26 நாள் வருகிறது. விடுப்புக்கு எழுதிக் கொடுத்துவிட்டோம். நண்பருடைய மேலாளர் இன்னும் கையெழுத்துப் போடவில்லை.